“நல்ல பையனா ஒருத்தரை அனுப்புங்க மேடம்!”

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பன்னிரண்டு வருடமாக எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். எங்கள் வகுப்பில் முதல் ஐந்து ரேங்கில் நாலு பேர் பெண்பிள்ளைகள்தான். ஆனால் பழைய மாணவர் சந்திப்பு வைத்தால் மேடையில் மேனேஜர், டைரக்டர் என்று உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் பையன்கள். அந்த ரேங்க் வாங்கிய பிள்ளைகள் கீழே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கை தட்டுகிறார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் வழிகாட்டல் கூட்டம் போடுகிறோம். நானும் தொண்டை வற்ற அறிவுரை சொல்கிறேன். “கல்யாணமானா அவ்வளவுதான், நீ எதுக்கு வீணாக் கத்தறே?” என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரிதானுங்களா? இல்லையென்றால் வேறு என்னதான் காரணம்?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, உங்கள் ஊர் மரியாதையிலேயே கூப்பிட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் காலே அரைக்கால் உண்மை இருக்கிறது. அதை முதலில் அவருக்குக் கொடுத்துவிடுவோம், மீதியைப் பிறகு பிடுங்கிக்கொள்ளலாம்.

கல்யாணமும் பிள்ளைப்பேறும் பெண்ணின் வேலையில் இடைவெளி விழச் செய்கின்றன. மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கல்யாணம் நடந்த அதே மண்டபத்தில், அதே முகூர்த்தத்தில், ஒரு மாப்பிள்ளைக்கும்தான் கல்யாணம் ஆனது. அவரும் இன்ஜினியர்தான். அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. “குடும்பஸ்தன், பொறுப்பானவன்” என்று ஒரு படி ஏற்றிக்கூட வைத்திருப்பார்கள். ஒரே தாலி ஒருவரை இறக்கி இன்னொருவரை ஏற்றுகிறது என்றால், தாலியை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

‘பெண்களுக்கு அறிவியலில் நாட்டமில்லை’ என்ற பழைய பல்லவியை நீங்கள் கேட்கவில்லை, அதற்கு நன்றி. உயர்கல்வி பற்றி மத்திய அரசு எடுக்கும் கணக்கெடுப்பின்படி 2021-22இல் அறிவியல் பாடங்கள் படித்த பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். பெண்களே அதிகம். ஆனால் ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர்களை எண்ணினால் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. படிக்கும்போது இருந்தவர்கள் வழியில் எங்கோ காணாமல் போகிறார்கள்.

இதற்கு ‘ஓட்டைக் குழாய்’ என்று ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் நிறையத் தண்ணீர் விடுகிறோம், இணைப்புக்கு இணைப்பு கசிந்து மறுமுனையில் சொட்டுகிறது என்பது பொருள். கீழ்பவானி வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: வாய்க்காலில் கசிந்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலாவது ஊறும். இங்கே கசிவது யார் கிணற்றிலும் ஊறுவதில்லை.

சரி, எந்த இணைப்பில் கசிகிறது? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆய்வகப் பொறுப்பாளர் வேலைக்கு ஒரே ஒரு விண்ணப்பத்தைத் தயார் செய்து, அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் கொடுத்தார்கள். சிலருக்குப் போன பிரதியில் பெயர் ஜான், மற்றவர்களுக்குப் போனதில் ஜெனிஃபர். மற்றபடி ஓர் எழுத்துகூட மாற்றமில்லை. ஜானே திறமைசாலி என்று தீர்ப்பு வந்தது. அவருக்குத் தரலாம் என்று சொன்ன ஆண்டுச் சம்பளம் சராசரியாக 30,238 டாலர். ஜெனிஃபருக்கு 26,508. முடிவு 2012இல் வெளியானது. பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவேதான் மதிப்பிட்டிருந்தார்கள் என்பதுதான் இதில் உறைக்கிற சேதி. அதனால் இதை ஆண்களின் வில்லத்தனம் என்று எழுதி முடித்துவிட முடியாது. எல்லார் கண்ணிலும் படிந்த பழக்கம் அது. ஜெனிஃபருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஜெனிஃபர் என்று ஒரு ஆளே கிடையாது.

இப்போது உங்கள் வழிகாட்டல் கூட்டத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாண்டு சேர்ந்த 150 மாணவிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழிகாட்ட மூத்த மாணவிகள், இன்னொன்றுக்கு மூத்த மாணவர்கள், மூன்றாவது பிரிவுக்கு யாருமில்லை. ஆண்டு முடிவில் மூத்த மாணவியின் துணை கிடைத்தவர்களில் ஒருவர்கூடப் பொறியியலை விட்டுப் போகவில்லை. துணையே இல்லாதவர்களில் 11 விழுக்காட்டினர் விட்டுப் போனார்கள். மூத்த மாணவர் வழிகாட்டிய பிரிவில் போனவர்கள் 18 விழுக்காடு. 2017இல் வந்த ஆய்வு இது. மதிப்பெண்ணில் பிரிவுகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. “இது எனக்கும் உரிய இடம்தான்” என்ற எண்ணம் தங்கியதா, கரைந்ததா என்பதில்தான் வேறுபாடு. ஆகவே மேடை போட்டு, மைக் பிடித்து நூறு பேருக்குச் சொல்லும் அறிவுரையைவிட, மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி முதலாண்டுப் பெண்ணோடு கேன்டீனில் உட்கார்ந்து டீ குடிப்பது பலன் தரும். செலவும் குறைவு.

ஆனால் அந்த டீ கல்லூரி வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். வாசலைத் தாண்டினால் வேறொரு ஆள் வேண்டும். வழிகாட்டி என்பவர் அறிவுரை சொல்பவர். நான் சொல்லும் ஆள், அந்தப் பெண் இல்லாத அறையில் அவள் பெயரைச் சொல்லி, “இந்த வேலையை இவளிடம் கொடுங்கள், நான் பொறுப்பு” என்பவர். ஆங்கிலத்தில் ஸ்பான்சர் என்கிறார்கள். நம் ஊரில் இதற்கு நல்ல சொல் உண்டு: ஜாமீன்தாரர். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுபவர் அறிவுரை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை, தன் பெயரைப் பணயம் வைக்கிறார். இது சிபாரிசு அல்லவா என்று முகம் சுளிக்க வேண்டாம். தகுதி இல்லாதவருக்குச் செய்தால்தான் சிபாரிசு கெட்ட வார்த்தை. ஆண்களுக்கு இந்த ஜாமீன் கேட்காமலே கிடைத்துவிடுகிறது: ஹாஸ்டல் சீனியர், ஃபவுண்டரி வைத்திருக்கும் மாமா, ஆறு மணிக்கு மேல் பேக்கரியில் நிற்கும் கூட்டம். அங்கே இருந்தால்தானே பெயர் அடிபடும்!

உங்கள் வீட்டுக்காரருக்காக இரண்டு பெண்களின் கதையை எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலாமவர் கோவையில் வேலை பார்த்தவர். 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கரும்பு ரகங்களின் பெயரில் முன்னால் வரும் ‘கோ’ என்பது கோயம்புத்தூர். தித்திப்பான தடிக்கரும்பையும் காட்டுத்தனமாய் வளரும் நாணல் இனத்தையும் கலந்து ‘கோ 205’ என்ற ரகத்தை 1918இலேயே கொடுத்த இடம் அது. அங்கே 1934இல் வந்து சேர்ந்தார் தலச்சேரியில் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள். ஆசியப் பெண்களுக்கென இருந்த பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய், 1931இல் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர். அவர் துறை உயிரணு மரபியல். உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம் என்னும் நுண்ணிழைகளை எண்ணி, எந்தச் செடிக்கு எது சொந்தம் என்று கண்டுபிடிக்கும் படிப்பு. கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்து அவர் கலப்பினம் உண்டாக்கியது கோவையில்தான். இரண்டும் வேறு வேறு பேரினம். இந்தச் சம்பந்தம் கூடிவருவது லேசில்லை.

ஐந்து வருடம் அங்கே இருந்தார். சக ஆண் விஞ்ஞானிகளிடையே தனிப்பெண்ணாக, அன்று தாழ்வாகப் பார்க்கப்பட்ட தீயர் சமூகத்திலிருந்து வந்தவராக, அவர் பட்ட சங்கடங்களை அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1939இல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார். போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சி.டி. டார்லிங்டன் என்ற பெரிய மரபியலாளர் இருந்தார். பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் வந்த பெரும் நூலின் அட்டையில் டார்லிங்டன் பெயரோடு ஜானகி அம்மாள் பெயரும் இருந்தது. முகவுரையில் ‘உதவிக்கு நன்றி’ என்று ஒரு வரியில் முடிந்திருக்கக்கூடிய இடம் அது. அதன்பின் விஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தில் வேலை. அவர் பெயரைத் தாங்கிய மக்னோலியா மரம் ஒன்றும் உண்டு. 1951இல் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சீரமைக்க நேரு அழைத்ததால் திரும்பினார். 1977இல் பத்மஸ்ரீ. ஐந்து வருடத்தில் கோவையை விட்டுப் போன இவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, அம்மணி. இதைக் கொஞ்சம் உரக்கவே வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டாமவர் சென்னையின் அ. லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கைம்பெண், கையில் நான்கு மாதக் குழந்தை. உங்கள் வீட்டுக்காரர் கணக்குப்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் 1943இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் முடித்தார். எப்படி? அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் போய்ப் பேசி இடம் வாங்கினார். மகள் ஒற்றை ஆளாய் இருக்கக் கூடாதென்று, பெண்களும் சேரலாம் என விளம்பரம் தரவும் வைத்தார். சிவில் பிரிவில் லீலாம்மா ஜார்ஜும் பி.கே. தெரசியாவும் வந்து சேர்ந்தார்கள். தெரசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆனார். ஒரு அப்பா போட்ட ஜாமீன் மூன்று பேருக்கு உதவியது. பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்றே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பின் லலிதா வேலை தேடிய விதத்தைக் கவனியுங்கள். முதலில் சிம்லா. அங்கே ஒரு சகோதரர் வீடு இருந்தது. அடுத்து கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் கம்பெனி. அங்கேயும் ஒரு சகோதரர் வீடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்த ஊரில்தான் அவர் வேலை இருந்தது. பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்துப் பாதைகளை வடிவமைக்கும் வேலையில் அவர் ஈடுபட்டார். 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் கூடிய முதல் உலக மாநாட்டில் போய் உட்கார்ந்தார். குழந்தை தடையாக இருந்ததா என்றால், இருந்தது. அண்ணி, தம்பி என்று நாலு பேர் சேர்ந்து அந்தத் தடையைத் தூக்கி நகர்த்தினார்கள்.

எல்லாருக்கும் சிம்லாவில் சகோதரர் இருக்க மாட்டார். அதற்காகத்தான் சட்டம். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தம், முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய 26 வார விடுப்பும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. உங்கள் பிள்ளைகளை வேலைக்கு எடுக்க வரும் கம்பெனியிடம் காப்பகம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். இடைவெளி விழுந்து மீண்டும் ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்-கிரண் என்ற திட்டத்தில் உதவித்தொகை தருகிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கை தட்டிய உங்கள் பழைய மாணவிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று விசாரியுங்கள்.

மேலே போனவர்கள் கண்ணில் படுவதும் முக்கியம். கோவையில் அவினாசிலிங்கம் மகளிர் கல்லூரி 1957இல் தொடங்கியது. முதலில் முதல்வராக, 1988இல் அது பல்கலைக்கழகமான பின் துணைவேந்தராக இருந்தவர் அமெரிக்காவின் ஓஹியோவில் டாக்டர் பட்டம் வாங்கிய ஊட்டச்சத்து விஞ்ஞானி ராஜம்மாள் தேவதாஸ். அங்கே படித்த பெண்ணுக்கு, விஞ்ஞானி என்றால் கண்முன் வந்து நின்றது புடவை கட்டிய ஓர் உருவம். உங்கள் கல்லூரியின் பழைய மாணவர் மேடையில் யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிப்பதும் ஒரு கமிட்டிதானே, அம்மணி? அதில் நீங்கள் இருக்கிறீர்களா?

கடைசியாக ஒன்று. பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறீர்கள் என்றால், கோவையிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் கம்பெனிக்காரர்கள் உங்களுக்கு போன் செய்வார்கள். மோட்டார் கன்ட்ரோல் பிரிவுக்கு ஆள் வேண்டும், “நல்ல பையனா ஒருத்தரை அனுப்புங்க மேடம்” என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. லலிதாவின் சான்றிதழில் ‘அவன்’ என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது போலத்தான் இதுவும், வாயில் அச்சாகிவிட்டது. அடுத்த முறை அந்த போன் வரும்போது ‘பையனை’ அடித்துவிட்டு, உங்கள் ரேங்க் பட்டியலிலிருந்து ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, “நான் பொறுப்பு” என்று சேர்த்துச் சொல்லுங்கள். போன் வந்த பிறகு யோசித்தால் பெயர் வாயில் வராது. இன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.