வாட்ஸ் லிங்க் மாட்டப்போகிற தம்பிக்கு

1. வேண்டுமா என்று முதலில் யோசி. காயில் ஸ்பிரிங்கில் நிற்கிற பின் ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்கப் பான்ஹார்ட் ராடே பெரும்பாலும் போதும். அதன் ஒரே குறை, வட்டமாகத்தான் சுற்றும். 750 மி.மீ. ராடு என்றால், மட்டத்திலிருந்து ஆக்சில் 75 மி.மீ. ஏறும்போது கிட்டத்தட்ட 4 மி.மீ. ஒரு பக்கமாக ஒதுங்கும். ரேஸ் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது வளைவில் தெரியும். கடைத்தெருவுக்குப் போய்வருகிற வண்டிக்கு இதற்காகச் சேசில் வெல்டிங் வைக்காதே. பதிவான வண்டியில் கம்பெனி அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் குறுக்கே வரும்.

2. ஜேம்ஸ் வாட் 1784-இல் காப்புரிமை வாங்கிய, நீராவி எஞ்சினுக்கான ஏற்பாடுதான் வாட்ஸ் லிங்க். ஆக்சிலின் நடுவில், ஒரு போல்ட்டில் சுற்றுகிற பெல் கிராங்க். அதன் மேல் முனையிலிருந்து ஒரு ராடு சேசின் இடப்பக்கம் போகும், கீழ் முனையிலிருந்து இன்னொன்று வலப்பக்கம். ஆக்சில் ஏறினால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஒரே அளவு இழுக்கும். கிராங்க் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், நடு போல்ட் நேராக ஏறும். ஸ்கார்ப்பியோ-என் எங்காவது லிஃப்டில் நின்றால் அடியில் போய்ப் பார். பத்துப் படம் பார்ப்பதைவிட மேல்.

3. எல்லா அளவும் வண்டி ஓடுகிற உயரத்தில்தான். போடப்போகிற டயர், பாதி டாங்க் பெட்ரோல், ஓட்டுகிறவன் எடை எல்லாம் ஏற்றி உயரத்தைக் குறித்துக்கொள். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்சிலையும் சேசையும் அதே உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்து. அந்த நிலையில் ராடு இரண்டும் ரசமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், கிராங்க் தூக்குக்குண்டு நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். அப்படியானால் சேஸ் பிராக்கெட் இரண்டும் ஒரே உயரத்தில் வராது. கிராங்கின் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் 120 மி.மீ. என்றால் பிராக்கெட்டுகளுக்கும் அதே 120 வித்தியாசம். பார்க்கக் கோணலாக இருக்கிறதே என்று புதுப் பையன்கள் சமமாக வைத்துவிடுகிறார்கள். வைக்காதே.

4. ராடு நீளத்தைத் துளை மையத்திலிருந்து துளை மையத்துக்கு அள. சைலன்சர் குழாய் இடித்தால் ஒன்றை மட்டும் குட்டையாக்கிவிட்டு நகராதே. வேறு வழியே இல்லையென்றால் நடு போல்ட்டை நீள ராடு மாட்டிய முனைப் பக்கம் தள்ளு: 400-க்கும் 300-க்கும், கிராங்கில் 45-உம் 60-உம்.

5. வளைவில் வருகிற பக்க விசை முழுதும் நடு போல்ட்டில் இறங்கும். ராடுக்கு வருவது பாதிப் பாதிதான். ஒன்று இழுபடும், மற்றது நசுங்கும். அதனால் போல்ட்டின் தலைப்பக்கமும் நட்டுப்பக்கமும் தகடு வேண்டும். ஒற்றைத் தகட்டில் தொங்கவிட்ட போல்ட் வளையும். டிஃபரன்ஷியலின் தகர மூடியில் பிராக்கெட் வைப்பதாக யாராவது சொன்னால், டீ குடித்துவிட்டு வா, வேலையைக் கொடுக்காதே.

6. முதலில் டேக் மட்டும் வை. ஜாக்கியில் ஆக்சிலை 25 மி.மீ. 25 மி.மீ.யாக முழுதும் ஏற்றி, முழுதும் இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் ரிம்முக்கும் சேசுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் எழுது. இந்த லிங்க் போகிற பாதை முழுதாகப் பார்த்தால் எட்டு வடிவம்; நடுத்துண்டு மட்டும்தான் நேர். கடைசியில் அளவு விலகினால் ராடு நீளம் போதவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஒற்றைச் சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பார். ஸ்டெப்னி, டாங்க், சைலன்சர் எதிலாவது இடிப்பது அப்போதுதான் தெரியும்.

7. நடு போல்ட் உயரம்தான் பின்பக்க ரோல் சென்டர். வளைவில் வால் வெளியே போனால் இறக்கிப் பார். அதற்கு மூன்று நான்கு துளை முன்னமே போட்டு வை, சேஸ் பிராக்கெட்டிலும் அதே இடைவெளியில். நடுவை 20 இறக்கினால் அவையும் 20 இறங்க வேண்டும்.

8. லாக் நட்டு ஒவ்வொன்றிலும் பெயிண்ட் கோடு போடு. முதல் ஓட்டம் முடிந்து வந்ததும், சூடு ஆறுவதற்குள் அடியில் படுத்து, கோடு விலகியிருக்கிறதா என்று பார்.