ரீபூட்டுக்குப் பிறகும் அதே ஐபி வேண்டுமா?

விஎம்மை ரீபூட் செய்ததும் எஸ்எஸ்எச் இணைப்பு கிடைக்கவில்லை என்றால், பலர் உடனே அதனுள் நுழைந்து ஒரு நிலையான ஐபியை எழுதிவிடுகிறார்கள். அந்த முகவரியை இதுவரை கொடுத்துவந்தது யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடாப்டரின் வகைதான் அதைத் தீர்மானிக்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸின் நாட் வகையில் எத்தனை முறை ரீபூட் செய்தாலும் வழக்கமாக 10.0.2.15தான். பக்கத்து விஎம்முக்கும் அதே எண்தான்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட். இணையம் மட்டும் போதும் என்பவர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். வெளியிலிருந்து உள்ளே நுழையத்தான் போர்ட் ஃபார்வர்டிங் தேவைப்படும்.

ஹைப்பர்-வியின் டீஃபால்ட் ஸ்விட்ச் வேறு ரகம். விஎம்மைத் தாங்கும் விண்டோஸ் கணினியே ரீபூட் ஆனால் சப்நெட் முழுவதுமே மாறிவிடலாம். அங்கே விஎம்முக்குள் நிலையான ஐபி எழுதினால், அடுத்த நாள் கேட்வேயே வேறாக இருக்கும். முகவரி நிலைக்க வேண்டுமென்றால் தனியாக ஓர் இன்டர்னல் ஸ்விட்ச் அமைப்பது ஒரு வழி.

பிரிட்ஜ் வகையில் முகவரி தருவது வீட்டு ரவுட்டரின் டிஎச்சிபி. ரீபூட் ஆனதும் விஎம் தன் பழைய முகவரியையே கேட்கும். அந்த முகவரியின் லீஸ் காலம் முடியாதவரை பெரும்பாலும் அதுவே கிடைக்கும். நீண்ட நாள் அணைத்து வைத்திருந்தால்தான் வேறொரு கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். ரவுட்டரில் மேக் முகவரியைக் காட்டி ரிசர்வேஷன் போடுவது இங்கே நல்ல வழி. ஆனால் வைஃபையில் விர்ச்சுவல்பாக்ஸ் பிரிட்ஜ் போட்டால், வெளியே போகும் பொட்டலங்களில் தாங்கும் கணினியின் மேக் முகவரிதான் இருக்கும். அதனால் ரிசர்வேஷனை நம்புவதானால் கேபிளில் இணைப்பதே மேல்.

குளோன் எடுத்தவர்களுக்கு இன்னொரு வம்பு உண்டு. மேக் முகவரியைப் புதிதாக்கிய பிறகும் இரண்டு உபுண்டு விஎம்கள் ஒரே ஐபிக்குச் சண்டை போடும். டிஎச்சிபியிடம் உபுண்டு சர்வர் தன்னை அடையாளம் காட்டுவது மெஷின்-ஐடியிலிருந்து பிறக்கும் எண்ணைக் கொண்டு. குளோனில் அதுவும் அப்படியே நகலாகிவிடுகிறது. மெஷின்-ஐடியைப் புதுப்பிக்கலாம், இல்லையேல் மேக்கையே அடையாளமாகக் கொள்ளும்படி நெட்பிளானில் சொல்லிவிடலாம். ரவுட்டரில் ரிசர்வேஷன் போட்டும் பலிக்காமல் போவதற்கும் பலமுறை இதுதான் காரணம்.

மடிக்கணினியில் சோதனைக்கூடம் வைத்திருப்பவர்களுக்கு என் தேர்வு இரண்டு அடாப்டர்கள்: இணையத்துக்கு நாட், எஸ்எஸ்எச்சுக்கு ஹோஸ்ட்-ஒன்லி. வீட்டு வைஃபையிலிருந்து அலுவலக வைஃபைக்கு மாறினாலும் இரண்டாவதன் முகவரி அசையாது. நிலையான ஐபியைத் தாராளமாக எழுத வேண்டிய இடமும் அதுதான். விர்ச்சுவல்பாக்ஸில் அந்த வலையமைப்பு வழக்கமாக 192.168.56.0, அதன் டிஎச்சிபி 101 முதல் 254 வரை விநியோகிக்கிறது, 100 டிஎச்சிபி சர்வருடையது, 1 தாங்கும் கணினியுடையது. ஆகவே 10, 11, 12 என்று கீழ்ப்பகுதியிலிருந்து எண் எடுங்கள். இந்த அடாப்டருக்கு மட்டும் கேட்வே எழுத வேண்டாம். எழுதினால் இணையம் நின்றுபோகலாம்.