பறவையின் பாதையும் காற்றின் கணக்கும்

நம் முப்பாட்டன்மார் பலர் வள்ளத்தில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். அதே மன்னாரில் இன்றும் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். யார் தெரியுமா? வடநாட்டுப் பறவைகள். குளிருக்குப் பயந்து வந்து, சித்திரை வாக்கில் திரும்பிப் போகும்.

அவை போகும் வழியை அறிய, கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீன விஞ்ஞானிகளோடு சேர்ந்து சில பறவைகளின் முதுகில் சின்னக் கருவி பூட்டினார்கள். வெயிலிலேயே சார்ஜ் ஆகும் அந்தக் கருவி, பறவை நிற்கும் இடத்தைச் செய்மதி மூலம் கணித்து அனுப்பும். 2021இல் ‘மேகா’ என்று பேர் வைத்த ஒரு கடற்காகம் மன்னாரிலிருந்து ரஷ்யாவின் வடகோடி யாமால் தீபகற்பம் வரை போய், மன்னாருக்கே திரும்பியது. போக வர 19,000 கிலோமீற்றருக்கு மேல்!

ஆனால் கருவி சொல்வது இடத்தையும் நேரத்தையும்தான். ஏன் அந்த நேரத்தில் கிளம்பியது, ஏன் அந்த வழியே போனது என்று சொல்லாது. நம் கொழுந்து நிறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று 18 கிலோ, இன்றைக்கு 11. ஏன் குறைந்தது? நிறுவைப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் விளங்காது. மழைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்கிறார்கள். பறவை நின்ற ஒவ்வொரு இடத்துக்கும் நேரத்துக்கும் நேரே அன்றைய காற்று, மழை, வெப்பம், குளத்து நீர்மட்டம் எல்லாவற்றையும் எழுதி ஒப்பிடுகிறார்கள்.

இதனால் என்ன பிரயோசனம்? மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ மின் நிலையத்தின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. நமக்குக் கரண்டும் வேணும், பறவைக்கு வழியும் வேணும். எந்த மாதம், எந்தக் காற்றில், எவ்வளவு உயரத்தில் பறவை பறக்கும் என்று தெரிந்தால், காற்றாலையை எங்கே கட்டலாம், எப்போது நிறுத்தி வைக்கலாம் என்று தீர்மானிக்கலாம். கட்டி முடித்த பிறகு யோசித்தால் வழியை மாற்றிப் போட முடியாது.

பிள்ளைகளே, நீங்களும் செய்து பாருங்கள். இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ஆறுமணிக்குருவி நம் மலைப்பக்கமும் கூவும். அதன் சத்தம் முதலில் கேட்கும் நாளைக் கொப்பியில் குறியுங்கள். பக்கத்திலே அன்றைக்கு மழையா வெயிலா, காற்று எந்தத் திசை என்றும் எழுதுங்கள். நாலைந்து வருஷம் விடாமல் எழுதினால், அந்தக் கொப்பியும் ஓர் ஆராய்ச்சிதான்.