பனிக்காலத்தில் பேர்னஸ் குழாய்கள்: முதல் வீடு வாங்கிய பிள்ளைகளுக்கு

ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் வீடு வாங்கி, சொந்த வீட்டில் முதல் விண்டரைக் காணப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பனி தள்ளுவதென்றால் வாசலும் ட்ரைவ்வேயும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். காரை வெளியே எடுக்கும் அவசரம் அப்படி. ஆனால் கார் காத்திருக்கும். பேர்னஸ் குழாய்கள் காத்திருக்கா.

1. பனி விழ முதல் குழாய்களைக் கண்டுபிடியுங்கள். பேஸ்மென்டில் பேர்னஸ் பக்கத்தில் நின்று, அதிலிருந்து சுவருக்குப் போகும் பிளாஸ்ரிக் குழாய்களைக் கண்ணால் தொடருங்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று வெளிக்காற்றை உள்ளே எடுக்கும், மற்றது எரிந்த வாயுவை வெளியே தள்ளும். பிறகு வெளியே போய் அதே இடத்தைச் சுவரில் தேடுங்கள். குளிர் நாளில் வெண்ணிற ஆவி வருவது வெளியேற்றும் குழாய்.

பழைய வீடுகளில் எல்லாம் கூரைக்கு மேலே சிமினி வழியாகப் போனதே, இது ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று கேட்பீர்கள். 2009 முடிவிலிருந்து கனடாவில் வரும் புதுக் காஸ் பேர்னஸ்கள் குறைந்தது 90 வீதம் திறன் உள்ளவையாக இருக்க வேண்டும் என்றானது, 2019 இல் அது 95 வீதமாகக் கூடியது. எரிவாயுவின் சூட்டைக் கிட்டத்தட்ட முழுவதும் வீட்டுக்கே எடுத்துவிடுவதால், வெளியே போகும் வாயுவில் பிளாஸ்ரிக்கை உருக்கும் சூடும் இல்லை, சிமினியில் தானாக மேலெழும் வலுவும் இல்லை. ஒரு சிறு விசிறிதான் அதைச் சுவர் வழியாகத் தள்ளுகிறது. காஸ் பில் குறைந்தது. பதிலுக்குக் குழாயின் வாய் பனிக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

2. உயரத்தை அளந்து பாருங்கள். வழமையாகத் தேங்கும் பனியின் மட்டத்துக்கு மேலே குறைந்தது 12 அங்குலம் இருக்க வேண்டும். நிலத்திலிருந்து 12 அங்குலம் என்று மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு இடையே உள்ள ஒடுங்கிய பாதையை நினைத்துப் பாருங்கள். குழாய்கள் அநேகமாக அங்கேதான் இருக்கும். காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டுவதும் அங்கேதான். முற்றத்தில் கணுக்கால் அளவு கிடக்கும்போது அந்தச் சந்தில் இடுப்பளவு நிற்கும். விண்டர் முழுக்க அந்தப் பக்கம் யாரும் நடப்பதில்லை, அதனால் யாரும் காண்பதும் இல்லை. குழாய் தாழ்வாக இருந்தால், கோடையிலேயே உரிமம் உள்ள காஸ் ரெக்னீஷியனைக் கொண்டு உயர்த்துங்கள். முன்னால் வளர்ந்த செடியையும் அப்போதே வெட்டுங்கள்.

3. பனி நின்ற பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 1999 ஜனவரியில் ரொறன்ரோ மேயர் இராணுவத்தைக் கூப்பிட்டுப் பனி அள்ள வைத்தார். அப்படிப் பெரும்பனி கொட்டும் நாட்களில் படுக்கப் போக முதல் ஒருதரம், விடிந்ததும் ஒருதரம் குழாய்களைப் போய்ப் பாருங்கள். சந்துக்குப் போக ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குப் பாதை வெட்டி வைத்திருங்கள்.

4. துப்புரவாக்கும் முறை முக்கியம். கிட்டப் போகும் வரைக்கும் சவள். கடைசி ஒரு அடிக்கு அதை வைத்துவிட்டு, கையுறை போட்ட கையாலோ மென்மையான பிரஷாலோ எடுங்கள். குளிரில் பிளாஸ்ரிக் சுலபமாக வெடிக்கும். குழாய்க்கு முன்னும் கீழும் பக்கங்களிலும் சில அடிக்கு வெளியாக இருக்கட்டும்.

கடுங்குளிரில் பனி விழாவிட்டாலும் குழாய் அடைபடும். வெளியே வரும் ஆவி உறைந்து, குழாயின் விளிம்பில் வெள்ளை வளையமாகத் தடிக்கும். கீழே பனிக்கூர் தொங்கும். காற்று அந்த ஆவியைத் திருப்பி, பக்கத்தில் உள்ள காற்றெடுக்கும் குழாயின் வாயிலும் படிய வைக்கும். விரலால் நொறுக்கி வெளிப்பக்கமாக இழுத்து எடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். சுடுநீர் ஊற்ற வேண்டாம், அது அங்கேயே உறையும். உப்பும் சுத்தியலும் வேண்டாம். பனி உள்ளே போகுமென்று குழாயைத் துணியாலோ பையாலோ மூடுவது எல்லாவற்றிலும் ஆபத்து.

5. ஸ்னோ புளோவர் பிடிப்பவர்கள் பனி போய் விழும் திசையைக் கவனியுங்கள். உங்கள் சுவரில் மட்டுமல்ல, அயலவர் சுவரிலும் குழாய் இருக்கிறது. கூலிக்குப் பனி தள்ள வருபவருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

6. பேர்னஸ் திடீரென நின்றால் தேர்மோஸ்டற்றைக் கூட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு முதலில் வெளியே போய்க் குழாயைப் பாருங்கள். காற்றோட்டம் தடைப்பட்டால் பேர்னஸைத் தானாக நிறுத்தும் அழுத்த சுவிட்ச் உள்ளே இருக்கிறது. பேர்னஸின் சிறு கண்ணாடித் துளைக்குள் ஒரு விளக்கு மின்னும். எத்தனை தடவை மின்னினால் என்ன பிழை என்பது கதவின் உட்பக்கத்து அட்டவணையில் இருக்கும். பேர்னஸ் பக்கத்திலுள்ள மின் சுவிட்சை அணைத்து, குழாயைத் துப்புரவாக்கி, பிறகு போடுங்கள். திரும்பவும் நின்றால் ரெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரைக்கும் பாபிகியூ அடுப்பையோ காஸ் குக்கரையோ மூட்டி வீட்டைச் சூடாக்கக் கூடாது.

7. அந்த அழுத்த சுவிட்சை மட்டும் நம்பி உறங்காதீர்கள். அதுவும் பழுதாகக் கூடியதே. வெளியேறும் வாயு பனிக்குவியலில் பட்டுத் திரும்பிக் காற்றுக் குழாய்க்குள்ளேயே போனால் எரிதல் கெடும், காபன் மொனொக்சைட் உண்டாகும். ஊரில் விறகடுப்புப் புகை கண்ணை எரித்து எங்களை வெளியே துரத்திவிடும். இந்த வாயு அப்படித் துரத்தாது. நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், நித்திரைத் தூக்கம். தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால், வெளியே போனதும் குறைந்தால், சந்தேகப்படுங்கள்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் உட்ஸ்டொக் நகரில் பொலிஸ் அதிகாரி லோறி ஹோக்கின்ஸும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான் இறந்தார்கள். அங்கே அடைபட்டது காஸ் பயர்பிளேசின் வெளியேற்றும் வழி. வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அவர்களுடைய குடும்பப் பெயரில் வந்த சட்டத்தால், 2014 அக்டோபரிலிருந்து படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயமானது. நீங்கள் பேஸ்மென்ட் உட்பட ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வையுங்கள். அதன் பின்புறத்தில் காலாவதித் திகதி இருக்கும், வீடு வாங்கிய அன்றே அதைப் பாருங்கள். நான்கு தரம் ஒலித்து இடைவிட்டால் காபன் மொனொக்சைட், மூன்று தரமென்றால் புகை. ஒலித்தால் யன்னல் திறந்து பார்த்துக்கொண்டு நிற்காமல், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911 அழையுங்கள். தீயணைப்புப் படையினர் சொல்லும் வரை உள்ளே போகாதீர்கள்.

8. அதே சுற்றில் சுடுநீர்த் தாங்கியின் குழாய், ட்ரையர் வாய், காஸ் மீற்றர் ஆகியவற்றையும் பாருங்கள். மீற்றரைச் சவளால் தட்டவோ காலால் உதைக்கவோ கூடாது.

9. பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தால், அங்கே இருப்பவருக்குக் குழாய்கள் எங்கே என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். அலாரம் அவருடைய படுக்கைப் பக்கத்திலும் இருக்கட்டும். மேல்மாடியில் ஒலிப்பது கீழே கேட்கும் என்று எண்ண வேண்டாம். பகலில் தனியே இருக்கும் அம்மா அப்பாவுக்கும் அந்த ஒலியை ஒருதரம் பொத்தானை அழுத்திக் கேட்க வையுங்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் 911 எடுத்ததும் “தமிழ்” என்று சொன்னாலே போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ரெலிபோனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.