தறியை விட்டு இறங்கிய பின்

குழித்தறியில் காலம் முழுக்க உட்கார்ந்தவர் ஆளைத் தேடிப் போய்ப் பேசியிருக்க மாட்டார். பக்கத்துத் தறியில் மச்சான், திண்ணையில் தார் சுற்றும் மனைவி, ஜரிகை கொண்டுவரும் பையன், கூலிக் கணக்குப் பார்க்க முதலாளி வீடு என்று வேலையோடு வேலையாகப் பேச்சும் நடந்துவிடும். முட்டி மடங்கவில்லை என்று தறியை விட்டு எழுந்த மாதமே அத்தனையும் நின்றுபோகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாகச் சொல்கிறது. நெசவு ஊரான ஆரணியில் இதைச் சொன்னால், “வீடு நிறைய ஆள் இருக்கும்போது என்ன தனிமை?” என்பார்கள். வீட்டில் ஆள் இருக்கலாம், பேச விஷயம் இருக்க வேண்டுமே.

அதனால் முதல் வேலை, தொழிலை முழுசாகக் கை கழுவாமல் இருப்பது. நெய்ய முடியாவிட்டாலும், நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலைகள் நெசவில் நிறைய. விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் எத்தனை கை இருந்தாலும் போதாது. அறுந்த இழையை நடந்துகொண்டே கண்டுபிடித்து முடிச்சுப் போட அனுபவசாலிதான் வேண்டும். பார்வை நன்றாக இருந்தால் பாவு பிணைக்கப் போகலாம். பழைய பாவின் நுனியையும் புதுப்பாவின் நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒரு திருகு, அடுத்த இழை. ஆயிரக்கணக்கான இழைகளுக்கும் இதேதான். விரல்தான் வேலை செய்யும், வாய் சும்மாதான் இருக்கும். தெருக்கதை முழுக்க அங்கேதான் ஓடும். ஒன்று மட்டும் சொல்வேன்: சின்னத் தொகையானாலும் கூலி வாங்குங்கள். சும்மா உதவிக்கு வருபவரைக் கூப்பிட நாளடைவில் எல்லாருக்கும் கூச்சம் வந்துவிடும்.

அடுத்தது கண்ணும் காதும். காது மந்தமானவர் “என்ன, என்ன” என்று கேட்க வெட்கப்பட்டே கூட்டத்தைத் தவிர்ப்பார். வீட்டார் அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். கண்புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வாசலுக்கே வருவது நல்லதுதான். ஆனால் மாத்திரையும் வாசலுக்கு, பாலும் வாசலுக்கு என்றானால் படி இறங்க ஒரு காரணமும் மிஞ்சாது. பாலாவது நீங்கள் போய் வாங்குங்கள்.

மூன்றாவது, ஒரு இடமும் ஒரு நேரமும். “முடிஞ்சா வர்றேன்” என்றால் வர மாட்டீர்கள். காலை பத்து மணிக்குக் கிளை நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கு டீக்கடை). எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் கூட்டாளிக்குப் பேப்பரை வாய்விட்டு வாசியுங்கள். மறுநாள் நீங்கள் வராவிட்டால் அவரே தேடி வருவார்.

கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து 60 வயது தாண்டிய நெசவாளர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. அதற்கு மனு எழுத, என்னென்ன நகல் வேண்டும் என்று சொல்ல, விவரம் தெரிந்த ஒருவர் தெருவுக்குத் தேவை. அவர் நீங்களாக இருங்கள். அலுவலகத்துக்குத் தனியாகப் போகாமல் நாலு பேராகக் கிளம்பினால் அலைச்சலும் பாதி தெரியாது.

பெண்கள் விஷயம் வேறு. தறியை விட்டாலும் அடுப்பை விட முடியாது, மகன் வேலைக்குப் போனால் பேரப்பிள்ளையும் இடுப்பில். “அம்மாதான் வீட்டிலேயே இருக்காங்களே” என்பதே பெரிய பூட்டு. மருமகளிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு மத்தியானம் எனக்கு என்று. அந்த நேரத்தில் ராட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடலாம். கணவனை இழந்தவர் தானாகவே விசேஷ வீடுகளில் பின்கட்டுக்கு ஒதுங்குகிறார். யாரும் முன்னே கூப்பிடுவதும் இல்லை. இதை மாற்ற வேண்டியது வீட்டாரும் உறவினரும்தான். பேத்தியின் வளைகாப்பில், “ஆயா, முதல்ல நீ வந்து நலங்கு வை” என்று எல்லார் முன்னாலும் பேத்தியே அழைக்கட்டும். ஒரு தடவை நடந்துவிட்டால் அடுத்த வீட்டிலும் நடக்கும்.

கோயில் குளத்துக்குத் துணை தேட வேண்டியதில்லை. மார்கழி பஜனை தெருவிலேயே வரும், ஆடி வெள்ளிக்குப் படவேடு அம்மன் கோயிலுக்கு பஸ் ஏறலாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். முட்டியைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டிலேயே கவனிப்பு இல்லை, அல்லது மனம் விட்டுப் பேச ஆளில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. கட்டணம் இல்லை. காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எண்ணைப் பதிந்துவைக்கச் செல்போனைப் பேரனிடம் இன்றைக்கே கொடுங்கள்.