கோயில் நந்தவனம்: அமைக்கும் முறையும் பேணும் முறையும்

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் ஒரு நிலத்தை அதன் விளைவைக் கொண்டே மதிப்பர். நந்தவனமோ புசற் கணக்கிலும் அந்தர்க் கணக்கிலும் விளைவு காட்டாத நிலமாகும். ஆயினும் ஒவ்வோர் ஊருக்கும் அது வேண்டியதே. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளிலும், 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற போரிலும் உற்றாரை இழந்தோர் நம் ஊர்களிற் பலர். நோயுற்றுத் தேறுவோரும் முதியோரும் பலர். வழிபாடு முடிந்தபின் சிறிது நேரம் நிழலில் அமைதியாக இருந்து மனம் ஆறுவதற்கு இவர்களுக்கு ஓரிடம் வேண்டும்.

மரஞ்செடிகளைக் காண்பது நோயாளர்க்கு நன்மை தரும் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வைத்தியசாலை ஒன்றிற் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவுகளை றோஜர் அல்றிச் என்பவர் ஆராய்ந்து 1984 ஆம் ஆண்டில் வெளியிட்டார. யன்னலூடே மரங்களைக் கண்டோர், செங்கற் சுவரைக் கண்டோரிலும் சற்று விரைவாக வீடு திரும்பினர். கடுமையான நோவுமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

எனினும், கும்பாபிஷேகத்தையொட்டி ஆர்வத்தோடு நட்ட செடிகள் அடுத்த ஆடி மாதம்வரை நில்லாது கருகிப்போவதைப் பல இடங்களிற் காண்கிறோம். வாடிய தோட்டம் எவருக்கும் ஆறுதல் தராது. இக்குறைக்குக் காரணம் மாரியை மனத்திற்கொண்டு திட்டமிடுதலே. நந்தவனத்தைக் கோடையை மனத்திற்கொண்டு திட்டமிடல் வேண்டும். யாழ்ப்பாணம், வன்னி முதலிய வரண்ட பகுதிகளுக்கு ஏற்ற முறை கீழே தரப்படுகின்றது.

நீர்க் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கித் தங்கும் மழைநீரேயாகும். அதன் கீழே உவர்நீர் உண்டு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். ஆகவே நந்தவனத்துக்கு எவ்வளவு நீர் தேவை என்பதை நடுவதற்கு முன்னரே கணக்கிடுக.

ஒரு பரப்பு நிலம், அதாவது ஏறத்தாழ 52 அடிச் சதுரம், ஒரு கோயிலுக்குப் போதுமானது. இதில் 6 இளமரங்கள், 30 செடிகள், 4 கொடிகள், 10 அடி நீளமும் 3 அடி அகலமுமான 2 மூலிகைப் பாத்திகள் அமையலாம். கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் மரம் ஒன்றுக்கு 10 லீற்றர், செடிக்கும் கொடிக்கும் 5 லீற்றர் வீதம், பாத்திகள் இரண்டுக்குமாக 30 லீற்றர் நீர் வேண்டும். மொத்தம் 260 லீற்றர். 10 லீற்றர் வாளியால் 26 வாளி. இரு கையிலும் வாளி எடுப்பவருக்கு 13 நடை. இது ஒருவர் ஒரு மணி நேரத்துக்குட் செய்து முடிக்கக்கூடிய வேலையே.

இவ்வாறு மாதத்தில் 15 முறை நீர் ஊற்ற வேண்டும். 15 குடும்பங்கள் பொறுப்பேற்றால், ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் ஒரு முறையே வரும். முறைப் பட்டியலைக் கோயிலிற் தொங்கவிடுக. 15 குடும்பங்கள் முன்வராவிடின் அரைப் பரப்பில் அமைப்பதே நன்று.

நில அமைப்பு

மேற்கு எல்லையிலிருந்து 10 அடி உள்ளே, ஒன்றுக்கொன்று 25 அடி இடைவெளியில் இரண்டு வேம்புகளை நடுக. இவை பிற்பகல் வெய்யிலை மறைக்கும். வைகாசி முதல் வீசும் சோளகக் காற்றையும் தணிக்கும். எல்லையை ஒட்டி நட்டால் கிளைகளும் சருகுகளும் அயலவரோடு பிணக்கை உண்டாக்கும். வேம்புகளுக்கு நடுவே, கிழக்கு நோக்கி, முதுகு சாய்க்கக்கூடிய இருக்கையை அமைக்குக. முதியோர் எழும்புவதற்கு வசதியாகக் கைப்பிடியும் வேண்டும்.

அரசு, ஆல் ஆகியவற்றை மதிலுக்கும் கிணற்றுக்கும் அண்மையில் நடலாகாது. அவற்றின் வேர் கட்டடத்தைப் பிளக்கும்.

பாதை 4 அடி அகலமாகவும் படியின்றியும் இருத்தல் வேண்டும். அப்பொழுதே ஒருவரை மற்றவர் கைப்பிடித்து நடத்திச் செல்லவும், சக்கர நாற்காலி செல்லவும் இயலும். செம்மண்ணை நனைத்து நன்றாக இறுக்குக. நீர் தேங்காதவாறு நடுவைச் சிறிது உயர்த்துக.

நால்வகைப் பூ

பெரியபுராணத்தில் வரும் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவும் பறித்துத் தொண்டு செய்தவர். இப்பாகுபாடு தோட்டம் அமைப்பவர்க்கும் நல்வழிகாட்டியாகும். உயரமும் பூக்கும் காலமும் வேறுபட்ட நால்வகையும் இருந்தால், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று மலர்ந்திருக்கும்.

கோட்டுப்பூ: கொன்றை, பவளமல்லிகை என்பவற்றை வடக்குப் பக்கத்தில் நடுக. கொன்றை கடுங்கோடையிற் பூக்கும். பவளமல்லிகை இரவிற் பூத்து விடியலிற் சொரியும். அதன் கீழே தரையைக் கூட்டித் துப்புரவாக வைத்திருக்குக. அருச்சனைக்கு வேண்டிய வில்வம் இரண்டைத் தென்புறத்தில் நடுக.

கொடிப்பூ: மல்லிகையையும் முல்லையையும் பாதையின் முகப்பிற் பந்தரிற் படர விடுக. மாரி கழிந்தபின் தை மாதத்தில் மல்லிகையைக் கத்தரித்து விட்டாற் கோடையில் நிறையப் பூக்கும்.

நீர்ப்பூ: 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழமான தொட்டியில் அல்லியை வளர்க்குக. நுளம்பு பெருகாதவாறு குப்பி மீன்களை விடுதல் இன்றியமையாதது. சிறுவர் தவறி விழாதிருக்கச் சுற்றுக்கட்டு வேண்டும்.

நிலப்பூ: செவ்வரத்தை, நந்தியாவட்டை, துளசி ஆகியவற்றில் வகைக்கு 10 செடியாகக் காலை வெய்யில் படும் கிழக்குப் பக்கத்தில் நடுக. உயரம் குறைந்தவற்றைப் பாதையோரத்தில் வைக்குக.

மூலிகைப் பாத்திகளில் ஒன்றிற் கர்ப்பூரவள்ளி, தூதுவளை, கற்றாழை என்பனவற்றையும், தொட்டியின் அருகே ஈரமும் அரைநிழலும் உள்ள மற்றதில் வல்லாரையையும் நடலாம். நோய்க்கு மருந்தாக உண்போர் வைத்தியரின் சொற்படியே உண்ணல் வேண்டும். அடியார் கால் கழுவும் நீரை வல்லாரைக்கு விடாது வாழைக்கு விடுக.

அலரியை விலக்குக

அலரியும் மஞ்சள் அலரியும் வரட்சியைத் தாங்கிச் செழித்துப் பூப்பதாற் பலரும் விரும்பி நடுகின்றனர். இவ்விரண்டின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையன. 1980 களிலிருந்து வடபகுதியில் மஞ்சள் அலரி நஞ்சினால் உயிரிழந்தோர் பலர். சிறுவர் விளையாடும் இடத்திலும், மனம் நொந்தோர் ஆறுதல் தேடிவரும் இடத்திலும் இவற்றை வைத்தலாகாது. முன்னரே நிற்குமாயின் வேரோடு அகற்றுக. வெட்டிய கொம்புகளை எரித்தலும் ஆடுமாடுகளுக்கு எட்டும்படி விடுதலும் தீங்கு. எவரேனும் உட்கொண்டார் என்ற ஐயம் எழுந்தாலே, அறிகுறி தோன்றும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. மஞ்சள் நிறப் பூ வேண்டுவோர்க்குக் கொன்றை போதும்.

நடுதலும் பசளையும்

நடுவதற்கு ஏற்ற காலம் ஐப்பசியில் மழை தொடங்கும் நாட்களாகும். மரத்துக்கு 2 அடிக் கனக் குழியும், செடிக்கு ஒன்றரை அடிக் கனக் குழியும் புரட்டாதியிலேயே வெட்டி ஆறவிடுக. அடியிற் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைப் பரப்பி, மேல்மண்ணும் கூட்டெருவும் கலந்து நிரப்புக. பொச்சுமட்டை நீரைப் பிடித்து வைத்திருக்கும். மார்கழி மழை ஓயுமுன் செடிகளைச் சுற்றி வைக்கோல் அல்லது சருகை 3 அங்குலத் தடிப்பில் இடுக. தண்டிற் படாமல் இடைவெளி விடுக.

கோயிலிற் கழியும் மாலைகள், வாழை மரங்கள், இலைகள் யாவும் சிறந்த கூட்டெரு ஆகும். நூல், கம்பி, பொலித்தீன் என்பவற்றை முதலிற் பிரித்தெடுக்குக. யூரியா தேவையில்லை. மிகையான யூரியாவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று மழையோடு இறங்கிக் குடிநீர்க் கிணற்றை அடையும்.

இங்கு பூவைச் சூடுவர், இலையை உண்பர், நிழலில் நெடுநேரம் இருப்பர். எனவே தோட்டப் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி எதனையும் இங்கு தெளிக்கலாகாது. செவ்வரத்தையில் வெள்ளை மாவைப்போற் படியும் பூச்சியைக் கண்டால், தாக்குண்ட நுனிகளை நறுக்கி அழிக்குக. இடித்த வேப்பம் விதைப்பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையிற் தெளிக்குக.

தேவாலயம், பள்ளிவாசல், விகாரை, வைத்தியசாலை ஆகியவற்றின் வளவுகளிலும் இம்முறையையே பின்பற்றலாம். பூவினங்களை அவ்வவ்விடத்து வழக்கத்துக்கேற்ப மாற்றிக்கொள்க.

மண்ணின் குணமும் நீரின் அருமையும் அறிந்தவர் கமக்காரரே. ஊரில் நந்தவனம் அமைக்கும் பேச்சு எழும்போது, எத்தனை செடி நடலாம் என்பதற்கு முன், ஆடி மாதத்தில் எத்தனை வாளி நீர் ஊற்ற ஆள் உண்டு என்று முதலிற் கேட்க வேண்டியவரும் அவரே. மேலும் அறிய விரும்புவோர், குழி வெட்டுமுன் தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரை அழைத்து நிலத்தைக் காட்டுவாராக.