கல்லைத் திருப்பிப் பாருங்க! ஓடைப் பூச்சிகள் சொல்லும் காட்டுச் சேதி

இந்த மாதப் பாடம் ஓடைத் தண்ணீரில் வாழும் பூச்சிகளைப் பற்றியது. "இன்னா மேடம், லோன், வட்டி, தீர்மான நோட்டு எல்லாம் முடிஞ்சி இப்ப பூச்சிக்கு வந்துட்டீங்களா?" என்று சிலர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் ஊராட்சி வேலையில் ஓடை சுத்தம் செய்யப் போவது யார்? விறகுக்கும் ஆட்டுத் தழைக்கும் ஓடைக்கரைக்குப் போவது யார்? பெரும்பாலும் நாம்தான். அதனால் இது முதலில் நமக்குத்தான் பாடம்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரா வழியாக வந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் எல்லாம் தாண்டி வயலூர் அருகே கடலில் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். மழைக்காலத்தில் நம்ம கிணற்றுக்கும் ஏரிக்கும் தண்ணி சேர்வது பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகளால். ஜவ்வாது மலையிலிருந்து அகரம் ஆறு வருகிறது. அமிர்தி பக்கம் நாகநதி. ஏலகிரி அடிவாரத்தில் ஜலகாம்பாறை. பெயர் இல்லாத கானாறுகள் இன்னும் எத்தனையோ.

பாலாறு என்றாலே நமக்கு டேனரி கழிவுதான் ஞாபகம் வரும். வேலூர் மக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பிரச்சினை தீராததால் 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. அது பெரிய கதை, தனிப் பாடமாகவே எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது அதற்கும் மேலே, டேனரி வாடையே அடிக்காத மலையடிவார ஓடையில் நடப்பதை. அங்கே ரசாயனம் எதுவும் கலக்கவில்லை. மரம் மட்டும்தான் போயிருக்கிறது. அதற்கே ஓடை பாதி செத்துவிடுகிறது, நம்ம கண்ணுக்குத் தெரியாமல்.

ஓடையில் பூச்சி என்றால் தண்ணிக்கு மேலே வழுக்கிக்கொண்டு ஓடுவதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதிகமான பூச்சிகள் இருப்பது கல்லுக்கு அடியில். அவற்றில் நிறைய வகைகள் குஞ்சுப் பருவம் முழுக்கத் தண்ணீரிலேயே வாழ்ந்து, கடைசியில் இறக்கை முளைத்து வெளியே வருபவை. தட்டான் அப்படித்தான். வாலில் இரண்டு மூன்று மெல்லிய நூல் போலத் தொங்கும், இடுப்பின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை மாதிரி துடிக்கும் ஒரு பூச்சி உண்டு. புத்தகத்தில் 'மே ஈ' என்பார்கள். அந்த இலை மாதிரி இருப்பதுதான் அது மூச்சு விடும் உறுப்பு. மாசக்கணக்கில் தண்ணீரில் வளர்ந்து, இறக்கை வந்த பிறகு ஓரிரு நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்கு அப்போது சாப்பிட வாய்கூடக் கிடையாது. இன்னொன்று கூடு கட்டும் புழு. மணலையும் இலைத் துண்டையும் தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டி, சட்டை போலப் போட்டுக்கொண்டு நகரும். குச்சி தானாக நகர்வது போல இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டினால் விடமாட்டார்கள்.

இதுகளுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் சாப்பாடு. அடர்ந்த காட்டு ஓடையில் வெயில் விழாது, அதனால் பாசி அதிகம் வளராது. மேலே இருந்து விழும் இலைதான் அங்கே அரிசி மூட்டை. விழுந்த உடனே பச்சையாக யாரும் தின்பதில்லை. ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் பொங்குவது மாதிரி, தண்ணீரில் ஊறிய இலையில் பூஞ்சை பிடித்து மெதுவாகும். அப்புறம்தான் பூச்சியும் நண்டும் இறாலும் அதைத் துண்டு துண்டாக நறுக்கித் தின்னும். அந்தத் தூளை வடிகட்டித் தின்ன வேறு பூச்சிகள் கீழே காத்திருக்கும். அந்தப் பூச்சியைத் தின்ன மீன், தவளை, மீன்கொத்தி. மரத்தை வெட்டினால் மேலிருந்து வரும் ரேஷன் நின்றுபோகிறது. வெயில் விழுந்து பாசி படர்கிறது. பாசி தின்னும் ஒன்றிரண்டு வகை மட்டும் பெருகும். எண்ணிக்கை பார்த்தால் பூச்சி நிறைய இருப்பது போலத்தான் தோன்றும். வகை குறைந்திருக்கும்.

அடுத்தது சூடு. சோடா பாட்டிலை வெயிலில் வைத்துத் திறந்தால் கேஸ் எல்லாம் புஸ்ஸென்று போய்விடும் இல்லையா? தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் அப்படித்தான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் கரைந்திருக்க முடியும். 30 டிகிரி ஆனால் ஏழரைதான். நம்ம வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நிழல் போன ஓடையில் சித்திரை மாசத்தில் மீதி நிற்கும் கொஞ்சத் தண்ணியும் கொதிக்கும். மே ஈ மாதிரி ஆக்சிஜன் அதிகம் கேட்கும் பூச்சிதான் முதலில் போகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கெடுதல் வண்டல். இதை நாம் ரொம்ப சாதாரணமாக நினைக்கிறோம். ஓடைப் படுகையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் பூச்சிக்கு வீடு. வேர் பிடித்திருந்த கரையை மொட்டையாக்கினால், ஒரே மழையில் மண் கரைந்து வந்து அந்தச் சந்தையெல்லாம் அடைத்துவிடும். வீட்டுக்குள்ளே ஒரு லாரி மண்ணைக் கொட்டிவிட்டு "குடியிருங்க" என்று சொல்கிற மாதிரி. மூச்சு விடும் உறுப்பிலும் சேறு அப்பிக்கொள்ளும். மேலே தண்ணி தெளிவாகவே தெரியலாம், கீழே வீடு இடிந்து கிடக்கும். மழை நின்ற பிறகும் அந்த மண் அங்கேயேதான் இருக்கும். அடுத்த பெரிய வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்வரை பூச்சி திரும்பாது. அதற்குள் கரையிலிருந்து புது மண் வந்து சேர்ந்துவிடும்.

நம்ம தொழிலுக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. குரோமியம் உப்பு வருவதற்கு முன்னால் தோல் பதனிட ஆவாரம் பட்டைதான். பெரியவங்களைக் கேட்டால் பட்டை உரித்த கதையைச் சொல்வார்கள். பிறகு வாட்டில் மரப் பட்டையும் வந்தது. அதற்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் மரத்தை நட்டார்கள். அது சோலைக் காட்டையும் புல்வெளியையும் மூடிப் பரவியதை இன்றும் அங்கே பார்க்கலாம். ஆக, தோலுக்காக மலையில் கை வைத்தது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. ஜவ்வாது மலையில் சந்தனம் போன கதை உங்களுக்கே தெரியும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மடகாஸ்கர் தீவின் கிழக்குப் பகுதியில் ரனோமாஃபானா என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்காவுக்கு உள்ளே காட்டில் ஓடும் ஓடைகளையும், வெளியே காடழித்து விவசாயம் செய்யும் இடத்து ஓடைகளையும் ஒப்பிட்டு 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. காட்டை நம்பியே வாழும் பூச்சி வகைகள் வெளி ஓடைகளில் காணாமல் போயிருந்தன. எங்கும் பிழைக்கும் வகைகள் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. நம்ம நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கே.ஜி. சிவராமகிருஷ்ணன், கே.ஏ. சுப்ரமணியன் ஆகியோர் இந்தப் பூச்சிகளைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். பூச்சியை வைத்தே தண்ணீரின் நலத்தை அளப்பது எப்படி என்று இருவரும் சேர்ந்து 2007-ல் ஒரு கையேடும் எழுதினார்கள். அந்த வழியைத்தான் கீழே எளிமையாகச் சொல்கிறேன். லேப் வேண்டாம், காசு வேண்டாம்.

வேண்டியது ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு டீ வடிகட்டி, ஒரு நோட்டு. மழை ஓய்ந்து தண்ணி தெளிந்த மார்கழி, தை மாசம் நல்லது. பெரிய வெள்ளம் வந்தால் பூச்சியையும் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்துப் போங்க. முழங்காலுக்குக் கீழே ஆழம், சலசலவென்று கல்மேல் தண்ணி ஓடும் இடமாகப் பாருங்க. உள்ளங்கை அளவுக் கல் பத்து எடுத்து, ஒவ்வொன்றையும் தட்டில் கழுவுங்க. எத்தனை வகை இருக்கிறது என்று எழுதுங்க. பெயர் தெரியாவிட்டால் படம் போடுங்க, 'மூணு வால்', 'குச்சி சட்டை' என்று நீங்களே பெயர் வையுங்க. பார்த்ததும் பூச்சியைத் திரும்ப விட்டுவிட்டு, கல்லையும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். இதே வேலையை ஒரே ஓடையில் இரண்டு இடத்தில் செய்யணும். ஒன்று கரையில் மரம் இருக்கும் இடம். மற்றது மரம் போன இடம். ஒப்பிட்டால்தான் பாடம்.

மூணு வாலும் குச்சிச் சட்டையும் தட்டான் குஞ்சும் கலந்து கிடைத்தால் ஓடை நல்லபடியாக இருக்கிறது. தட்டு முழுக்க நெளியும் சிவப்புப் புழு மட்டும் கிடைத்தால் சங்கடம். அதன் உடம்பில் நம்ம ரத்தத்தில் இருப்பது போலவே ஹீமோகுளோபின் உண்டு, அதனால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். ஆனால் அதைப் பார்த்ததும் கெட்டது என்று முடிவு கட்டாதீங்க. நல்ல ஓடையிலும் நாலு இருக்கும், மீனுக்குத் தீனி அது. அது மட்டுமே இருப்பதுதான் அடையாளம்.

முக்கியமான எச்சரிக்கை இரண்டு. பூச்சி நிறைய இருக்கிறது என்பதற்காக அந்தத் தண்ணியை அப்படியே குடிக்கக் கூடாது. நோய்க்கிருமி இருக்கா இல்லையா என்று பூச்சி சொல்லாது, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். டேனரி கழிவு வரும் வாய்க்காலில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். அங்கே உப்பையும் குரோமியத்தையும் லேபில்தான் பார்க்க முடியும். கையை விட்டால் நமக்குத்தான் புண்.

"பூச்சி இல்லாவிட்டால் நமக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். பிள்ளைகள் பிடிக்கும் கெண்டைப்பொடி இல்லாமல் போகும். தட்டான் குஞ்சு கொசுப்புழுவை விரும்பித் தின்னும், அதுவும் குறையும். ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கும் ஓடையில் மலேரியா பரப்பும் கொசு முட்டையிடும். (டெங்கு கொசு வேறு. அது நம்ம வீட்டு டிரம்மிலும் டயரிலும் வளர்வது. அதற்கு ஓடையைக் குறை சொல்ல முடியாது.) வண்டல் பூச்சியோடு நிற்பதில்லை, கீழே ஏரியையும் தூர்க்கும். பிறகு அதே மண்ணை அள்ள நாமே மண்வெட்டி தூக்கிப் போக வேண்டியிருக்கும்.

நாகநதியை மீட்க 2014 முதல் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். ஊரக வேலைத் திட்டத்தில் தண்ணியை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளும் கல் தடுப்புகளும் கட்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் அது இடம்பெற்றது. பெருமையான விஷயம்தான். ஓடும் தண்ணியின் வேகத்தைக் குறைத்தால் மண் அரிப்பும் குறையும். ஆனால் பல ஊர்களில் 'ஓடை சுத்தம்' என்றால் இரண்டு கரையையும் மொட்டை அடிப்பது என்றே நினைக்கிறார்கள். சீமைக்கருவேல முள்ளை எடுக்க வேண்டியதுதான். கூடவே நொச்சி, புங்கன், நாணல், நாவல் கன்று எல்லாம் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். அளவு எடுக்க வரும் சாருக்கும் சுத்தமாகத் தெரிந்தால்தான் திருப்தி. என் கருத்தில் அது சுத்தம் இல்லை, சேதம். குப்பை, பிளாஸ்டிக், முள் மட்டும் எடுங்க. வேர் பிடித்த செடியை விடுங்க. மரம் நட வாய்ப்புக் கிடைத்தால் நீர்மருது, புங்கன், நாவல், அத்தி கேளுங்க. தைலமரம் வேண்டாம், அதன் எண்ணெய் இலை மக்க நாளாகும், பூச்சிக்கும் பிடிக்காது. கரையில் பசுமை அகலமாக இருந்தால் நல்லது. நம்ம ஊரில் இரண்டு பக்கமும் பட்டா நிலம் வந்துவிடும். அப்போது கிடைக்கிற நாலு முழமாவது தொடர்ச்சியாக இருக்கட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதைப் படித்துக் காட்டியபின் பேச வேண்டியவை: நம்ம ஊர் ஓடைக்கு மேலே கடைசி இருபது வருஷத்தில் எந்த இடத்தில் மரம் போனது? சின்ன வயசில் அதில் பார்த்த எந்த மீன், எந்தப் பூச்சி இப்போது இல்லை? வயசான உறுப்பினர்களை முதலில் பேச விடுங்க. கல் சோதனை செய்த குழுக்கள் இரண்டு இடத்துக் கணக்கையும் நோட்டில் எழுதிக் கூட்டமைப்பு ஆபீசில் கொடுங்க. உலக தண்ணீர் தினமான மார்ச் 22 கிராம சபைக்குள் வந்து சேர்ந்தால், கரை மரங்களை விட்டுவிட்டு ஓடை சுத்தம் செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தோடு அந்தக் கணக்கையும் வைக்கலாம்.